ரப்பர் உடை முதல் ஆஸ்கர் வரை: குறைந்த பட்ஜெட் ராட்சத மிருகப் படங்கள் எங்கே ஜெயிக்கின்றன, எங்கே சொதப்புகின்றன?

2024 மார்ச் மாத ஆஸ்கர் விழா. சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் ஐந்து படங்கள் போட்டியில் இருந்தன. அதில் ஒன்று, சுமார் 25 கோடி டாலரில் எடுக்கப்பட்ட மார்வெல் படம். இன்னொன்று டாம் குரூஸின் 'மிஷன் இம்பாசிபிள்'. ஆனால், மேடையேறியது கையில் காட்ஜில்லா பொம்மையோடு வந்திருந்த நான்கு ஜப்பானியர்கள். அவர்களுடைய படமான 'காட்ஜில்லா மைனஸ் ஒன்'னின் மொத்த பட்ஜெட்டே 1.5 கோடி டாலருக்கும் குறைவு. அன்றைய மதிப்பில் சுமார் 125 கோடி ரூபாய். படத்தில் இருந்த 610 எஃபெக்ட்ஸ் ஷாட்களையும் செய்து முடித்தது வெறும் 35 பேர் கொண்ட குழு.

"இவ்வளவு கம்மி காசில் இப்படி ஒரு படமா?" என்று உலகமே வாயைப் பிளந்தது. ஆனால், ராட்சத மிருகப் படங்களின் வரலாற்றைப் புரட்டினால் இது ஒன்றும் புது விஷயம் இல்லை. காசில்லாமல் பூதம் காட்டுவது இந்த வகைப் படங்களின் பிறவிக் குணம். சில சமயம் அது கிளாசிக் ஆகும். பல சமயம் சிரிப்புப் படமாக முடியும். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

'குறைந்த பட்ஜெட்' என்றால் எவ்வளவு?

இதற்கு ஒரே ஒரு தொகையைச் சொல்லிவிட முடியாது. 1954-ல் வந்த முதல் 'காட்ஜில்லா' அன்றைய ஜப்பானில் செலவு அதிகமான படங்களில் ஒன்று. அதே படத்தை ஹாலிவுட் கணக்கில் வைத்தால் சில்லறைக் காசு. ஆக, இங்கே முக்கியம் மொத்தத் தொகை இல்லை. திரையில் காட்ட நினைப்பதற்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான்.

ஒரு காதல் படத்தைக் குறைந்த செலவில் எடுத்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர், ஒரு காபி ஷாப், முடிந்தது. ஒரு நகரத்தை மிதித்து நாசமாக்கும் 50 மீட்டர் உயர மிருகத்தை அப்படி மறைக்க முடியாது. அதனால்தான் வேறு எந்த வகைப் படத்தையும்விட இதில் காசு இல்லாதது சட்டென்று கண்ணில் படும். இந்தப் படங்களின் கஷ்டமும் அதுதான், சுவாரஸ்யமும் அதுதான்.

சரி, இதையெல்லாம் ஏன் பார்க்கிறோம்?

முதல் காரணம் ரொம்ப எளிமையானது. நமக்குத் தெரிந்த இடத்தில், நமக்குத் தெரியாத அளவில் ஒன்று வந்து நிற்கிறது. பாலம், ரயில், டவர் எல்லாம் நம் கண்ணுக்குப் பழகியவை. அவற்றின் பக்கத்தில் மிருகம் நிற்கும்போதுதான் அதன் உயரம் உறைக்கிறது. நடுக்கடலில் நிற்கும் பூதத்தைவிட, ஊருக்குள் வந்த பூதம் பயமுறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது காரணம், இந்த மிருகங்கள் பெரும்பாலும் வெறும் மிருகங்கள் இல்லை. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட வெடிப்பு சுமார் இரண்டரை மடங்கு பெரிதாகிவிட்டது. அந்தப் பக்கம் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள். ஒருவர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். ஹிரோஷிமா, நாகசாகி முடிந்து ஒன்பது ஆண்டுகள்கூட நிறையாத நேரம் அது.

அதே ஆண்டு நவம்பர் 3-ம் தேதி 'காட்ஜில்லா' ரிலீஸ் ஆனது. ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கலைந்து எழுந்த மிருகம். படத்தின் ஆரம்பமே ஒரு படகு கடலில் எரிந்து மூழ்குவதுதான். தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எந்தப் படகு என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவில் அந்தப் படம் வெளியானபோது நிறைய காட்சிகளை வெட்டி, ஓர் அமெரிக்க நடிகரை நடுவில் செருகி, அணுகுண்டு பற்றிய பேச்சையும் குறைத்துவிட்டார்கள். மிருகம் அப்படியே இருந்தது. அதன் காரணம் மட்டும் மெலிந்துபோனது.

மூன்றாவது காரணம், கைவேலை. ரப்பர் உடையோ, பொம்மையோ, 'இதை ஒரு மனுஷன் உட்கார்ந்து செஞ்சிருக்கான்' என்று தெரியும்போது வரும் ஒரு பிரியம். 1933-ன் 'கிங் காங்' படத்தில் காங்கின் ரோமம் காற்றில் அலைவதுபோல அவ்வப்போது சிலிர்க்கும். அது காற்று இல்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திய கலைஞர்களின் விரல்கள் பட்டுக் கலைந்த ரோமம். தப்புதான். ஆனால், 90 ஆண்டுகள் கழித்தும் அந்தக் குரங்கு உயிரோடு இருப்பதுபோலத் தோன்ற அதுவும் ஒரு காரணம்.

நான்காவது, சேர்ந்து பார்க்கும் ஜாலி. நாலு நண்பர்கள், ஒரு மொபைல் அல்லது டிவி, தமிழ் டப்பிங்கில் ஒரு ராட்சத பாம்புப் படம். கதை போகும் போக்கைக் கிண்டலடித்துக்கொண்டே பார்ப்பது தனி அனுபவம். படம் நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே அங்கே இல்லை.

எட்டில் இரண்டை வெட்டினால்?

பணம் இல்லாதபோது என்ன செய்வார்கள் என்பதற்கு ரே ஹாரிஹவுசன் நல்ல உதாரணம். 'கிங் காங்' பாணியில் பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படமாக்கும் ஸ்டாப் மோஷன் கலையில் அவர் மன்னன். 1953-ல் 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்' படத்தைச் சுமார் 2 லட்சம் டாலரில் எடுத்தார்கள். பெரிய மாடல் செட் போட வசதி இல்லை. அதனால் அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். ஏற்கெனவே எடுத்த தெருக் காட்சியைப் பின்னால் திரையில் ஓடவிட்டு, அதற்கு முன்னால் பொம்மையை வைத்துப் படம் பிடிப்பது. காட்சியின் கீழ்ப்பகுதியை மறைத்துவிட்டு, பிறகு அதை மட்டும் தனியாகச் சேர்ப்பது. மிருகம் தெருவுக்கு நடுவில், மனிதர்களுக்குப் பின்னால் நடப்பதுபோல ஆகிவிடும். படம் பெரிய ஹிட்.

1955-ல் அடுத்த படம். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் பிடித்து உடைக்கும் ராட்சத ஆக்டோபஸ். ஒவ்வொரு கையையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்த வேண்டும். கை கூடக் கூட நேரமும் காசும் கூடும். என்ன செய்தார்? இரண்டு கையைக் குறைத்துவிட்டார். படத்தில் வரும் ஆக்டோபஸுக்கு ஆறு கைதான். பெரும்பாலான ரசிகர்கள் அதை எண்ணவே இல்லை. எங்கே வெட்டினால் தெரியாது என்று தெரிந்து வெட்டியதுதான் அவருடைய சாமர்த்தியம்.

ஜப்பானில் வேறு வழி. ஸ்டாப் மோஷனில் 'காட்ஜில்லா' எடுத்தால் பல வருஷம் ஆகும் என்பதால், எஃபெக்ட்ஸ் இயக்குநர் எய்ஜி சுபுராயா ஒரு மனிதனை ரப்பர் உடைக்குள் இறக்கினார். ஹருவோ நகாஜிமா என்ற நடிகர்தான் அந்த மனிதன். முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ. உள்ளே காற்று கிடையாது, மேலே சுடும் லைட். சில நிமிடங்களுக்கு மேல் தாங்க முடியாது. 1972 வரை அவர் அந்த வேலையைச் செய்தார். அந்த உறுமல் சத்தம்கூட எந்த மிருகத்துடையதும் இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையை டபுள் பாஸ் வாத்தியத்தின் தளர்ந்த தந்தியில் தேய்த்து உருவாக்கியது.

பெரிசாகத் தெரியணும்னா என்ன செய்யணும்?

இங்கே கொஞ்சம் இயற்பியல் தேவை. பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடப் பாடம்தான்.

25 மீட்டர் உயரக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழ சுமார் 2.26 விநாடி ஆகும். அதே கட்டிடத்தை 1 மீட்டர் உயர மாடலாகச் செய்தால், கல் விழ 0.45 விநாடிதான். அதாவது, 25-ல் ஒரு பங்காகச் சுருக்கிய மாடலில் எல்லாமே ஐந்து மடங்கு வேகமாக விழுகிறது. அதை அப்படியே படம் பிடித்தால் பொம்மை வீடு சரிவதுபோலத்தான் இருக்கும். அதைச் சரிக்கட்ட, கேமராவை ஐந்து மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதிலாக 120 ஃபிரேம். பிறகு சாதாரண வேகத்தில் ஓட்டினால், கட்டிடம் நிதானமாக, கனமாகச் சரியும்.

முதல் 'காட்ஜில்லா'வில் டோக்கியோ நகரத்தை இதே 25-ல் ஒரு பங்கு அளவில்தான் கட்டினார்கள். 50 மீட்டர் மிருகம், 2 மீட்டர் உடை. கணக்கு சரியாக வரும். ஆனால், இதில் ஒரு சங்கிலி இருக்கிறது. வேகமாக ஓடும் கேமராவுக்கு ஃபிலிம் அதிகம் வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைவதால் லைட் அதிகம் வேண்டும். லைட் கூடினால் உடைக்குள் இருப்பவர் வெந்துபோவார். இதில் எங்கே மிச்சம் பிடித்தாலும் மிருகத்தின் எடை காணாமல் போகும். பிற்காலத்து மலிவான படங்களில் இரண்டு மிருகங்கள் மல்யுத்தம்போல விறுவிறுவென்று உருண்டு புரளும்போது, 'ரெண்டு ஆளுங்க டிரெஸ் போட்டுச் சண்டை போடறாங்க' என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம் இந்தக் கணக்கு தப்பியதுதான்.

தண்ணீர் இன்னும் மோசம். கட்டிடத்தைச் சுருக்கலாம், தண்ணீர்த் துளியைச் சுருக்க முடியாது. மாடல் கப்பலுக்குப் பக்கத்தில் தெறிக்கும் ஒரு சாதாரணத் துளி, திரையில் பூசணிக்காய் சைஸில் தெரியும். தொட்டித் தண்ணீர் என்று உடனே பிடிபட்டுவிடும்.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வந்த பிறகு இந்தத் தொல்லை தீர்ந்ததா? இல்லை. கம்ப்யூட்டரில் எடை என்று ஒன்று தானாக வராது. ஒரு காலை ஊன்றும்போது தரை அதிர வேண்டும், தசை குலுங்க வேண்டும், தூசி எழுந்து மெதுவாக அடங்க வேண்டும். ஒவ்வொன்றும் தனி வேலை, தனிச் செலவு. அவசரத்தில் அதை விட்டுவிட்டால், மிருகம் தரையில் நடக்காது. தரைக்கு மேல் வழுக்கிக்கொண்டு போகும். யூடியூபில் கிடைக்கும் பல ராட்சத பாம்பு, முதலைப் படங்களில் நீங்கள் பார்த்திருப்பது இதைத்தான்.

கேட்கலாம்: 'நிஜத்தில் இவ்வளவு பெரிய எறும்பு இருக்கவே முடியாதே, அப்புறம் எதற்கு இயற்பியல்?' உண்மைதான். ஓர் உயிரினத்தை 10 மடங்கு பெரிதாக்கினால் காலின் குறுக்குப் பரப்பு 100 மடங்குதான் கூடும். எடையோ 1,000 மடங்கு கூடும். கால் முறிந்துவிடும். ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1926-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். ஆனால், ரசிகர் அந்தப் பொய்யை டிக்கெட் வாங்கும்போதே ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் கேட்பது வேறு: 'இருக்குன்னு நம்பிட்டேன், இருக்கிற மாதிரி நடக்கட்டும்.'

ஹாலிவுட்டின் மலிவுப் பட மன்னன் ரோஜர் கோர்மன் இந்தப் பாடத்தை அனுபவத்தில் கற்றார். 1956-ல் எடுத்த ஒரு படத்தில் வெள்ளிக் கிரகத்திலிருந்து ஒரு ஜந்து வருகிறது. ஈர்ப்பு விசை அதிகமான இடத்திலிருந்து வருவதால் அது குட்டையாகத்தான் இருக்கும் என்று லாஜிக்கோடு தரையோடு தரையாக வடிவமைத்தார்கள். செட்டுக்கு வந்த கதாநாயகி பெவர்லி கார்லண்ட் அதைக் குனிந்து பார்த்துக் கிண்டலடித்துவிட்டு ஓர் உதை விட்டாராம். கோர்மனுக்குப் புரிந்துவிட்டது: மிருகம் ஹீரோயினைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உடனே உயரத்தைக் கூட்டச் சொன்னார்.

எங்கே சறுக்குகிறது?

காசு குறைவு என்பதைத் தாண்டி, திரும்பத் திரும்ப வரும் குறைகள் சில உண்டு.

*போஸ்டரில் இருப்பது படத்தில் இல்லை.* மிருகம் வரும் ஒவ்வொரு நிமிடமும் செலவு. எனவே 85 நிமிடப் படத்தில் மிருகம் வருவது சில நிமிடங்கள்தான். மிச்ச நேரம் முழுக்க லேப், மீட்டிங், ஃபோன் கால். இது நியாயமான உத்திதான். ஆனால், அந்த மிச்ச நேரத்தில் வரும் மனிதர்கள் மீது நமக்கு அக்கறை வர வேண்டும். பல படங்கள் இங்கேதான் தோற்கின்றன. விஞ்ஞானி விளக்குவார், ராணுவ அதிகாரி கத்துவார். இருவருக்கும் வீடு, வாசல், கவலை எதுவும் இருக்காது.

*பழைய காட்சியை மறுபடி ஓட்டுவது.* பறக்கும் ஆமையான 'கமேரா' பிறந்ததே ஒரு பட்ஜெட் விபத்தில்தான். ஜப்பானின் டாய்எய் நிறுவனம் முதலில் நிஜ எலிகளை மாடல் நகரத்தில் ஓடவிட்டு ஒரு ராட்சத எலிப் படம் எடுக்கப் பார்த்தது. எலியோடு சேர்ந்து பூச்சித் தொல்லையும் பரவி, படமே கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 1965-ல் வந்ததுதான் 'கமேரா'. அடுத்தடுத்த பாகங்களில் பட்ஜெட் தேயத் தேய, முந்தைய படங்களின் சண்டையை வெட்டி ஒட்ட ஆரம்பித்தார்கள். 1980-ல் வந்த பாகத்தில் மிருகச் சண்டைகளில் பெரும்பகுதி பழைய படங்களிலிருந்து எடுத்ததுதான். டிக்கெட் காசு புதுசு, படம் பழசு.

*நடிகருக்கே தெரியாத மிருகம்.* 1957-ல் வந்த 'தி ஜெயன்ட் க்ளா' ஒரு ராட்சதப் பறவைப் படம். எஃபெக்ட்ஸ் வேலை மெக்சிகோவில் மலிவாகச் செய்யப்பட்டது. ஹீரோ ஜெஃப் மாரோ உட்பட யாருக்கும் பறவை எப்படி இருக்கும் என்று தெரியாது. வானத்தைப் பார்த்து உயிரைக் கொடுத்து நடித்தார்கள். சொந்த ஊர் தியேட்டரில் படம் பார்க்கப் போனபோதுதான் மாரோ அதை முதல்முறை பார்த்தார். நீண்ட கழுத்து, பிதுங்கிய கண், உச்சந்தலையில் ஒரு கொத்து முடி. பறவை வந்த ஒவ்வொரு முறையும் தியேட்டர் சிரித்தது. யாரும் தன்னை அடையாளம் காணும் முன் நழுவிப் போய்விட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிரிக்கலாம். ஆனால், தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒருவரின் உழைப்பை, அவருக்குத் தெரியாமல் எடுத்த ஒரு முடிவு கேலிப்பொருளாக்கிவிட்டது.

*செத்தவர்கள் வெறும் எண்ணிக்கை.* இதுதான் பெரிய குறை. முதல் 'காட்ஜில்லா'வில், இடிந்து விழும் நகரத்தின் நடுவில் ஒரு தாய் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, இறந்துபோன அப்பாவிடம் போகப் போகிறோம் என்று ஆறுதல் சொல்வாள். மறுநாள் ஆஸ்பத்திரி நிரம்பி வழியும். அந்தக் காட்சிகளுக்குப் பெரிய கிராபிக்ஸ் செலவு இல்லை. ஆனாலும் மிருகத்தின் எடையை நாம் அங்கேதான் உணர்கிறோம். மலிவுப் படங்கள் பலவற்றில் நகரம் அழியும். நகரத்தில் யாரும் இருந்த மாதிரியே தெரியாது.

'மோசமாக இருப்பதே ஸ்பெஷல்' என்ற வியாபாரம்

2000-களில் இந்த ஆட்டத்தின் விதியே மாறியது. அமெரிக்காவின் 'தி அசைலம்' நிறுவனம், தியேட்டருக்கு வரப்போகும் பெரிய படத்தின் பெயரை லேசாக மாற்றி, அதே நேரத்தில் மலிவான டிவிடி ஒன்றை இறக்கும். 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வந்தால் இவர்கள் 'டிரான்ஸ்மார்ஃபர்ஸ்'. 'பசிபிக் ரிம்' வந்தால் 'அட்லாண்டிக் ரிம்'. 2009-ல் இவர்கள் எடுத்த 'மெகா ஷார்க் வெர்சஸ் ஜெயன்ட் ஆக்டோபஸ்' படத்தில், கடலில் இருக்கும் சுறா எகிறிக் குதித்து வானத்தில் பறக்கும் விமானத்தைக் கடிக்கும். அந்த ஒரு காட்சி இணையத்தில் வைரலானது. 2013 ஜூலையில் வந்த 'ஷார்க்நேடோ' அமெரிக்க ட்விட்டரையே சிரிக்க வைத்தது. 2018-க்குள் மொத்தம் ஆறு பாகம்.

இதில் என்ன தப்பு? ரசிகரும் சிரிக்கிறார், நிறுவனமும் சம்பாதிக்கிறது. தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஹாரிஹவுசன் தன்னால் முடிந்த அளவுக்கு நல்ல ஆக்டோபஸைச் செய்யப் பார்த்தார். முடியாத இடத்தில் இரண்டு கையை விட்டார். இங்கே 'மோசமா இருந்தாதான் ஷேர் பண்ணுவாங்க' என்று திட்டமிட்டே மோசமாகச் செய்கிறார்கள். முதல் வகையில் நாம் சிரித்தால் அதில் ஒரு பிரியம் இருக்கும். இரண்டாவது வகையில், அந்தச் சிரிப்பையும் ஏற்கெனவே கணக்குப் போட்டு விலைக்கு விற்றிருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் ஜாலி. அதற்குப் பிறகு மொபைலில் வேறு எதையோ ஸ்க்ரோல் செய்துகொண்டிருப்போம்.

குறையைப் பலமாக்கியவர்கள்

இதில் எல்லோரும் சொல்லும் கதை 'ஜாஸ்'. 1975-ல் வந்த அந்தப் படம் சின்ன பட்ஜெட் இல்லை. ஆனால், இயந்திர சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமல், அது வரும் தடயங்களை மட்டும் காட்டினார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுறா முழுசாகக் கண்ணில் படாது. பயம் பல மடங்கானது.

இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர் பிரிட்டனின் கேரத் எட்வர்ட்ஸ். 2010-ல் வந்த அவருடைய 'மான்ஸ்டர்ஸ்' படத்தின் செலவு 5 லட்சம் டாலருக்கும் குறைவு. ஒரு வேனில் அடங்கும் குழுவோடு மெக்சிகோ, குவாதமாலா என்று சுற்றினார். கேமராவும் அவரே, இயக்கமும் அவரே. இரண்டு பேர்தான் முக்கிய நடிகர்கள். மற்றவர்கள் பெரும்பாலும் போகிற வழியில் சந்தித்த உள்ளூர் மக்கள். ஊருக்குத் திரும்பி, கடையில் கிடைக்கும் சாதாரண சாஃப்ட்வேரில் வீட்டிலேயே உட்கார்ந்து சுமார் 250 எஃபெக்ட்ஸ் ஷாட்களை முடித்தார். அதில் பெரும்பாலானவை மிருகம்கூட இல்லை. எச்சரிக்கைப் பலகை, உடைந்த டாங்கி, மரத்தில் சிக்கிய படகு. மிருகங்களோடு பழகிப்போன ஒரு நாட்டைக் காட்டினார். மிருகம் தானாகவே நம் மனதில் பெரிதாகிவிட்டது. நான்கு வருஷத்தில் ஹாலிவுட் அவரிடம் 'காட்ஜில்லா'வையே ஒப்படைத்தது.

தென் கொரியாவின் போங் ஜூன்-ஹோ நேர் எதிர்வழியில் போனார். 2006-ல் வந்த 'தி ஹோஸ்ட்' படத்துக்குச் சுமார் 1.1 கோடி டாலர் செலவு. ஹாலிவுட் கணக்கில் குறைவுதான். ஆனால், அவர் மிருகத்தை ஒளிக்கவில்லை. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே, பட்டப்பகலில், ஆற்றங்கரைப் பூங்காவில் ஓடவிட்டார். 2000-ம் ஆண்டில் சியோலில் உள்ள அமெரிக்க ராணுவ முகாமிலிருந்து ஃபார்மால்டிஹைடு ரசாயனத்தை ஹான் ஆற்றுக்குப் போகும் சாக்கடையில் கொட்டிய நிஜ சம்பவத்திலிருந்துதான் அந்த மிருகம் பிறக்கிறது. கதையோ, ஒரு பெட்டிக்கடைக் குடும்பம் தங்கள் சிறுமியைத் தேடுவது. ஊரை யார் காப்பாற்றுவார்கள் என்பதைவிட, அந்தப் பெண் குழந்தை கிடைப்பாளா என்பதுதான் நம்மைப் பதற வைக்கிறது.

இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். மிருகத்துக்கு ஒரு காரணம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் நிற்க ஒரு மனிதனைக் கொடுத்தார்கள். இந்த இரண்டுக்கும் கிராபிக்ஸ் கம்பெனி பில் அனுப்புவதில்லை.

35 பேர் எப்படிச் சமாளித்தார்கள்?

மறுபடி 'மைனஸ் ஒன்'னுக்கு வருவோம். இயக்குநர் தகாஷி யமசாகிதான் எஃபெக்ட்ஸ் சூப்பர்வைசரும். அவரும் கலைஞர்களும் ஒரே ஸ்டூடியோவில் வேலை பார்த்தார்கள். ஹாலிவுட்டில் ஒரு ஷாட் பல நாடுகளில் உள்ள பல கம்பெனிகளுக்குப் போய், பல மேலதிகாரிகள் பார்த்து, திருத்தம் சொல்லி, திரும்பத் திரும்ப வரும். இங்கே இயக்குநர் பக்கத்து மேசைக்கு வந்து 'சரி' என்பார், முடிந்தது. கடல் காட்சிகளில் மிரள வைக்கும் தண்ணீருக்குப் பின்னால் இருந்தவர் தட்சுஜி நோஜிமா என்ற இருபதுகளில் இருந்த இளைஞர். மேடையேறிய நால்வரில் அவரும் ஒருவர். அந்த விருது இன்னொரு விதத்திலும் சுவாரஸ்யம்: அதே பிரிவில் தோற்ற 'தி கிரியேட்டர்' படத்தின் இயக்குநர், நம் 'மான்ஸ்டர்ஸ்' கேரத் எட்வர்ட்ஸ்.

ஆனால், கைதட்டும்போது ஒரு கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. குறைந்த பட்ஜெட் என்றால் யாருடைய பாக்கெட்டில் குறைகிறது? திறமையான திட்டமிடலால் குறைந்தால் சந்தோஷம். கலைஞரின் சம்பளமும் தூக்கமும் குறைந்து, அதனால் பட்ஜெட் குறைந்தால்? ஜப்பானில் இந்தத் துறையின் சம்பளம் ஹாலிவுட்டைவிடக் குறைவு என்ற விமர்சனம் இந்தப் படத்தின் வெற்றியோடு சேர்ந்தே எழுந்தது. '35 பேர் செஞ்சுட்டாங்க, உங்களுக்கு ஏன் இத்தனை பேர், இத்தனை காசு?' என்று மற்ற கலைஞர்களை அடிக்கும் கம்பாகவும் அந்த எண் பயன்படலாம்.

இது நமக்குத் தொடர்பில்லாத கதையும் இல்லை. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரியில் அந்தப் புலிக்காக ஆஸ்கர் வாங்கியபோது, நிறுவனம் திவால் மனு கொடுத்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மேடையில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தவரை, நேரம் முடிந்துவிட்டது என்று இசை போட்டு இறக்கினார்கள். போட்ட இசை என்ன தெரியுமா? 'ஜாஸ்' படத்தின் தீம்.

இந்த வாரக் கடைசியில் எதைப் பார்ப்பது?

ஓடிடியிலோ யூடியூபிலோ ஒரு ராட்சத மிருகம் கண்ணில் பட்டால், முதல் இருபது நிமிடத்தில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மிருகம் எங்கிருந்து, எதனால் வந்தது என்பதில் படத்துக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா? மிருகம் இல்லாத காட்சியில் யாராவது ஒருவர் பெயராவது மனதில் நின்றதா? மிருகம் காலை ஊன்றும்போது தரைக்கு ஏதாவது ஆகிறதா? இதில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால், கிராபிக்ஸ் சுமாராக இருந்தாலும் தொடர்ந்து பாருங்கள். மூன்றுக்கும் 'இல்லை' என்றால், நண்பர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பாருங்கள், கிண்டலடிக்கவாவது உதவும்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால்: 1954-ன் ஜப்பானியப் பதிப்பு 'காட்ஜில்லா', 'தி ஹோஸ்ட்', 'மான்ஸ்டர்ஸ்', நார்வேயில் கையடக்கக் கேமரா பாணியில் எடுத்த 'ட்ரோல் ஹன்டர்', கடைசியாக 'மைனஸ் ஒன்'. வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும் என்றால் 'தி ஜெயன்ட் க்ளா'. அந்தப் பறவை வரும்போது சிரியுங்கள். கீழே நின்று அதை நிஜம் என்று நம்பி அண்ணாந்து பார்க்கும் நடிகர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். நன்றாகத்தான் நடித்திருப்பார்கள்.